பகலின் வரவும் இரவின் செலவும்

சூரியன் நிலத்துக்கு வெப்பம் தருகிறது என்பது எல்லாரும் அறிந்த செய்தி. அந்த நிலமும் ஓயாமல் வெப்பத்தை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்பது நம்மில் பலர் எண்ணிப் பாராத செய்தி. வரவு பகலில் மட்டும் உண்டு. செலவோ பகலிலும் உண்டு, இரவிலும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே காற்றுமண்டலம் அமைந்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் நிலையை வரவைக் கொண்டு மட்டும் அறிய இயலாது; செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். உலகத்தின் வெப்பநிலையும் அத்தகையதே.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்து, பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலோ ஜெய்ப்பூரிலோ லக்னோவிலோ குடியேறியிருக்கும் நம்மவர்க்கு முதற் குளிர்காலம் ஒரு பாடமாகவே அமைகிறது. சென்னையில் ஜனவரி மாதத்துப் பகல் சராசரியாக 29 டிகிரி சென்டிகிரேட் அளவுக்கு ஏறுகிறது. இரவு 21 டிகிரிக்கு இறங்குகிறது. தில்லியிலோ பகலில் 20 டிகிரி, இரவில் 7 டிகிரி. தில்லி வடக்கே இருக்கிறது, அருகில் கடல் இல்லை என்று இதற்குக் காரணம் கூறுகிறோம். இரண்டும் மெய்யே. ஆயினும் மூன்றாவது காரணம் ஒன்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. அதைக் காணும் முன்பு, கதிர்வீச்சின் இயல்பைச் சற்று நோக்குவோம்.

வெப்பம் உள்ள பொருள் எதுவாயினும் அது கதிர் வீசிக்கொண்டே இருக்கும். கொல்லன் உலையில் சிவந்த இரும்பு வீசும் கதிரைக் கண்ணால் காண்கிறோம். அவ்விரும்பு ஆறிக் கறுத்த பின்னரும், சற்று எட்டக் கையை நீட்டினால் சூடு உறைக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அக்கதிருக்கு அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். பொருளின் வெப்பம் மிகுந்தால் அது வீசும் கதிரின் அலைநீளம் குறையும். வெப்பம் குறைந்தால் அலைநீளம் கூடும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி வெப்பமுடையது. ஆகவே அதன் கதிர்வீச்சு அரை மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிலவுலகின் சராசரி வெப்பநிலை 15 டிகிரி அளவே ஆதலால், அது வீசும் கதிர் பத்து மைக்ரானை ஒட்டி உச்சம் பெறுகிறது. சூரியனுடையது குற்றலை, நிலத்தினுடையது அதனினும் இருபது மடங்கு நீண்ட நெட்டலை. இவற்றை வானொலி அலைகளோடு ஒப்பிட்டு மயங்கலாகாது. வானொலியின் சிற்றலைகளும் இவற்றைக் காட்டிலும் இலட்சக்கணக்கான மடங்கு நீளமானவை. சூரியனின் குற்றலையையும் நிலத்தின் நெட்டலையையும் காற்று ஒரே விதமாக நடத்துவதில்லை. நாம் சொல்லப்போகும் அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

முதலில் வரவைப் பார்ப்போம். காற்றுமண்டலத்தின் உச்சியில் வந்து சேரும் சூரியக் கதிரை நூறு பங்காகக் கொள்வோம். அவற்றுள் ஏறத்தாழ முப்பது பங்கு, மேகங்களாலும் தூசியாலும் காற்றின் மூலக்கூறுகளாலும், பனி மூடிய பரப்பு, பாலை மணல் போன்றவற்றாலும் விண்வெளிக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. இருபத்து மூன்று பங்கு காற்றிலேயே உறிஞ்சப்படுகிறது. எஞ்சிய நாற்பத்தேழு பங்கு நிலத்தையும் கடலையும் அடைந்து அவற்றைச் சூடாக்குகிறது. வரும் வழியில் நீல ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் மிகுதியாகச் சிதறச் செய்வதால் வானம் நீலமாகத் தோன்றுகிறது. இதனை இங்கிலாந்து அறிஞர் ராலே 1871-இல் விளக்கினார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளி மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பதை 1921-இல் கடற்பயணத்தின்போது ஆராயத் தொடங்கிய சர் சி. வி. இராமன், அந்த வழியிலேயே சென்று 1928-இல் உலகப் புகழ்பெற்ற தம் கண்டுபிடிப்பை எய்தினார்.

உறிஞ்சப்படும் பங்கிலும் சுவையான செய்திகள் உள்ளன. தரைக்கு மேல் 60 முதல் 90 கிலோமீட்டர் வரை உள்ள மெல்லிய காற்றைச் சூரியனின் கடுங்கதிர்கள் மின்னூட்டம் பெறச் செய்கின்றன. பகலில் இந்த அடுக்கு மத்திய அலை வானொலி அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அடுக்கு கலைகிறது. அலைகள் இன்னும் மேலே சென்று, அங்குள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி, நெடுந்தொலைவில் இறங்குகின்றன. பகலில் கேளாத தொலைதூரத் தமிழ் நிலையம் இரவில் கேட்பதை மத்திய அலையில் காது பழகியோர் அறிவர். இதற்குக் கீழே, 15 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் செறிந்துள்ள ஓசோன், உயிர்களுக்குத் தீங்கு செய்யும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நைட்ரஜனும் பிராணவாயுவுமே. நிலம் வீசும் நெட்டலைக் கதிரை இவ்விரண்டும் ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. தடுப்பவை சிறுபான்மையான வாயுக்கள்: நீராவி, கரியமிலவாயு, ஓசோன், மீத்தேன் முதலியன. சூரிய ஒளியை எளிதில் உள்ளே விடும் காற்று, நிலத்தின் வெப்பத்தை அவ்வளவு எளிதில் வெளியே விடுவதில்லை என்ற கருத்தைப் பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ஃபூரியே 1824-இல் வெளியிட்டார். 1856-இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமிலவாயு அடைத்த குழாய் மிகுதியாகச் சூடேறுவதையும் மெதுவாக ஆறுவதையும் கண்டார். 1859 முதல் லண்டனில் ஆய்வு நடத்திய ஜான் டிண்டால், எந்த வாயு வெப்பக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கருவி கொண்டு அளந்து காட்டினார்.

கதிரை உறிஞ்சும் பொருள் கதிரை வீசவும் செய்யும். நீராவியும் கரியமிலவாயுவும் தாம் பெற்ற வெப்பத்தை எல்லாத் திசைகளிலும் வீசுகின்றன. மேலே செல்லும் பங்கு விண்ணை நோக்கிப் போகிறது. கீழே வரும் பங்கு மீண்டும் நிலத்தைச் சேர்கிறது. உலகம் முழுவதற்கும் ஆண்டு முழுவதற்கும் சராசரி கண்டால், நிலம் சூரியனிடமிருந்து ஏற்கும் கதிரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கைக் காற்றுமண்டலத்திடமிருந்து பெறுகிறது! வரவைக் காட்டிலும் மிகுதியான பணம் எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டா. சந்தையில் ஒரே நாணயம் பல கை மாறுவதுபோல், ஒரே வெப்பம் நிலத்துக்கும் காற்றுக்கும் இடையே பன்முறை சென்று வருகிறது. இந்தக் கைமாற்றம் இல்லையெனில் உலகின் சராசரி வெப்பநிலை, உறைநிலைக்கும் கீழே 18 டிகிரியாக இருந்திருக்கும். இப்போதுள்ள 15 டிகிரிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 33 டிகிரி. ஆறுகள் ஓடுவதும் பயிர்கள் விளைவதும் அந்த 33 டிகிரியின் பயனே.

ஆயினும் இந்தத் தடுப்பில் ஒரு சாளரம் திறந்திருக்கிறது. எட்டு முதல் பதின்மூன்று மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிர்களை, இடையே ஓசோன் மறிக்கும் ஒரு குறுகிய பகுதி நீங்கலாக, காற்றின் வாயுக்கள் பெரிதும் தடுப்பதில்லை. நிலம் மிகுதியாக வீசுவதும் இந்த அளவையொட்டிய கதிரைத்தான். ஆகவே மேகமற்ற இரவில் நிலத்தின் வெப்பம் இச்சாளரத்தின் வழியே நேரே விண்வெளிக்குச் செல்கிறது. காற்றில் நீராவி மிகுந்தால் சாளரம் மங்குகிறது. தாழ்ந்த அடர்ந்த மேகம் கவிந்தால் ஏறக்குறைய மூடியே விடுகிறது.

நாம் முன்னர்க் கூறிய மூன்றாவது காரணம் இதுவே. கடலின் கலப்பில்லாமல் இதனை அறிய விரும்பினால், சென்னையை விட்டுவிட்டுத் தில்லியையே இரு மாதங்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நவம்பர் மாதத்தில் அந்நகரின் பகலுக்கும் இரவுக்கும் இடையே ஏறத்தாழ 15 டிகிரி வேறுபாடு இருக்கிறது. ஆகஸ்டு மாதத்திலோ அது 7 அல்லது 8 டிகிரியே. ஊர் அதுவே. நவம்பரில் மேகம் இல்லை, நீராவியும் குறைவு, சாளரம் திறந்திருக்கிறது. ஆகஸ்டில் பருவமழையின் ஈரக்காற்றும் மேகமும் பகலில் சூரியனை மறைக்கின்றன, இரவில் நிலத்தின் வெப்பத்தை மடக்குகின்றன. மழையில் ஊறிய மண் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதும் இதற்குத் துணை செய்கிறது. சென்னையிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆண்டின் பெரும்பகுதியில் இரவு புழுங்குவதற்கும் நீராவியின் இத்தடுப்பு ஒரு காரணமாகும்.

“பனி பெய்கிறது” என்பது நம் வழக்கு. உண்மையில் பனி மழையைப்போல் மேலிருந்து பெய்வதன்று. வானத்தை நோக்கிக் கதிர் வீசும் புல் நுனி, தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது; அக்காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்து நீர்த்துளியாகிறது. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ், கம்பளி இழைகளை இரவில் திறந்த வெளியில் ஒரு பலகையின் மேலும் கீழும் வைத்து, விடியலில் நிறுத்துப் பார்த்தார். வானத்தைப் பார்த்திருந்த கம்பளியில் பனிநீர் மிகுந்தும், பலகைக்கு அடியில் இருந்த கம்பளியில் குறைந்தும் காணப்பட்டன. 1814-இல் அவர் எழுதிய நூல் பனியின் உண்மையை நிலைநாட்டியது. மரத்தடியில் நிறுத்திய மோட்டார் வண்டியின் கண்ணாடி உலர்ந்திருக்க, திறந்த வெளியில் நிறுத்தியது நனைந்திருப்பதை நாம் இன்றும் காணலாம். வண்டிக்கு மேலே இருக்கும் இலைகள் வானத்தை மறைத்துத் தம் வெப்பத்தை அதற்கு அளிக்கின்றன.

இவ்வுண்மையை நூல்வழி அறியாமலே அதனைத் தொழிலாக்கியவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். இன்று பிரயாக்ராஜ் என வழங்கும் அலகாபாத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் பனிக்கட்டி செய்யப்பட்டது. எந்திரம் ஏதும் இல்லை. தூய வானமே அவர்களுடைய எந்திரம். அங்கு நடந்த முறையைச் சர் ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-இல் இங்கிலாந்தின் ராயல் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். திறந்த வெளியில் முப்பது அடிச் சதுரமும் இரண்டடி ஆழமுமான குழிகள் வெட்டி, அடியில் உலர்ந்த கரும்புத் தோகையையும் சோளத் தட்டையையும் பரப்புவார்கள். அதன்மேல் ஆழமற்ற சிறிய மண் தட்டுகளை வரிசையாக அடுக்கி, காய்ச்சி ஆறிய நீரை மாலை மங்கும் வேளையில் ஊற்றுவார்கள். விடியுமுன் தட்டுகளில் பனிக்கட்டி உறைந்திருக்கும். அதைச் சேர்த்து, வெயில் புகாத ஆழ்குழிகளில் கெட்டித்து, கோடைக்குச் சேமிப்பார்கள். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருந்த இரவுகளிலும் நீர் உறைந்தது என்பதே வியப்பு. தட்டையும் தோகையும் மண்ணின் சூடு நீரை எட்டாமல் தடுத்தன. நீரோ தன் வெப்பத்தை வானுக்கு வீசிவிட்டது. நீர் ஆவியாவதால்தான் உறைகிறது என்று முதலில் பலர் எண்ணினார்கள். கதிர்வீச்சே முதன்மையான காரணம் என்பதை வெல்ஸ் விளக்கினார். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவே அத்தொழிலுக்கு ஏற்றது என்பதை அந்தத் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இரவுக் கதிர்வீச்சைப் பற்றிய அறிவுக்கு நம் நாட்டு அறிஞர் அளித்த கொடையும் சிறிதன்று. தெளிந்த இரவில் தரையே மிகக் குளிர்ந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். பாலக்காட்டைச் சேர்ந்த எல். ஏ. இராமதாஸ், இந்திய வானிலைத் துறையில் பணியாற்றியபோது, பூனா முதலிய இடங்களில் தரையை ஒட்டிய காற்றின் வெப்பத்தை அளந்தார். மிகக் குறைந்த வெப்பநிலை தரையிலன்று, தரைக்கு மேலே சில பத்துச் சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதை ஆத்மநாதனுடன் சேர்ந்து 1932-இல் வெளியிட்டார். பலர் ஐயுற்றனர், பின்னர் வேறு நாடுகளிலும் அளந்து மெய்யெனக் கண்டனர். அந்த அடுக்கு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. தரையை ஒட்டிய காற்றே நேரடியாக விண்ணுக்குக் கதிர் வீசிக் குளிர்கிறது என்ற அடிப்படையில், பெங்களூர் அறிஞர் ரொத்தம் நரசிம்மாவும் அவருடன் உழைத்தோரும் 1993-இல் இதற்கு விளக்கம் தந்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்த அன்னா மணி, நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைப்பதில் முன்னின்றார். 1980-இல் வெளிவந்த அவருடைய கதிர்வீச்சு அளவைக் கையேடு, சூரிய ஆற்றலைப் பயன்படுத்த விழைந்த பொறியியலாருக்கு வழிகாட்டியாயிற்று.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. வடநாட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சாளரம் அகலத் திறந்த இரவுகளில் உறைபனி விழுந்து, உருளைக்கிழங்கும் பட்டாணியும் கருகிவிடுவதுண்டு. உதகையில் தேயிலைத் தளிர் கருகுவதும் இம்முறையிலேயே. அத்தகைய இரவை எதிர்நோக்கும் உழவர் மாலையில் வயலுக்கு இலேசாக நீர் பாய்ச்சுகிறார்கள். ஈரமண் பகலின் வெப்பத்தை மிகுதியாகச் சேமித்து, இரவில் அதை மேலே விரைந்து கொணர்கிறது. கங்கைச் சமவெளியில் ரயில்களையும் விமானங்களையும் தாமதப்படுத்தும் மூடுபனிக்கும் மூலம் இதுவே. தெளிந்த நீண்ட இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்கிறது. நீராவி மிக நுண்ணிய துளிகளாகிறது. காற்றில் மிதக்கும் புகையும் தூசியும் அத்துளிகளுக்குக் கருவாக அமைந்து மூடுபனியை மேலும் தடிக்கச் செய்கின்றன.

இதுவரை சொன்னவை இயற்கையின் கணக்கு. அந்தக் கணக்கில் மனிதன் கை வைத்திருப்பதை இனிச் சொல்லவேண்டும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் காற்றில் கரியமிலவாயு பெருகி வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சம் பங்குக் காற்றில் 280 பங்கு அளவாக இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் முறையாக அளக்கத் தொடங்கிய 1958-இல் ஏறத்தாழ 315 பங்கு. 2024-இல் 420 பங்குக்கு மேல். கரியமிலவாயு பெருகினால் உலகம் சூடேறும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் 1896-இலேயே கணக்கிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. இராமநாதன், குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்டுவந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களும் சாளரத்தின் திறந்த பகுதியையே மறிக்கின்றன என்பதை 1975-இல் எடுத்துக்காட்டினார். அவற்றின் மூலக்கூறு ஒன்று, கரியமிலவாயு மூலக்கூறுகள் பத்தாயிரத்துக்கும் மேலானவை செய்யும் தடையைச் செய்யவல்லது.

காற்றில் நீராவியே மிகுதியாயிற்றே, கரியமிலவாயுவைக் குறை கூறுவானேன் என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. நீராவி ஒன்றிரண்டு வாரத்துக்குள் மழையாக இறங்கிவிடும். எவ்வளவு நீராவி நிற்கும் என்பதைக் காற்றின் வெப்பமே முடிவு செய்கிறது. கரியமிலவாயுவோ மழையில் கரைந்து தீர்வதன்று. நாம் கூட்டியதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் பாதிப்பை நீட்டிக்கும். அது காற்றை ஒரு டிகிரி சூடேற்றினால், அக்காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். அந்நீராவி மேலும் சூடேற்றும். ஆகவே முதலில் தள்ளுவது கரியமிலவாயு. பின்னர்ச் சேர்ந்து தள்ளுவது நீராவி.

சூரியனே மிகுதியாகக் காய்கிறதோ என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. வரவு கூடியதால் சூடேறியிருந்தால் காற்றுமண்டலத்தின் மேல் அடுக்குகளும் சூடேறியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கீழ் அடுக்கு சூடேறியும், ஓசோன் உறையும் மேல் அடுக்கு குளிர்ந்தும் காணப்படுகின்றன. ஓசோன் குறைந்தது அக்குளிர்ச்சிக்கு ஒரு காரணம். கரியமிலவாயு பெருகியது மற்றொரு காரணம். கூடியது வரவன்று, குறைந்தது செலவு. 1850-1900 ஆண்டுகளோடு ஒப்பிட 2011-2020 ஆண்டுகளில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்திருந்தது.

இந்த ஒரு டிகிரியைச் சிறிதென்று கருதலாகாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி உலகின் பெரும்பகுதியில் பகலைவிட இரவே விரைவாகச் சூடேறி வந்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தில்லியில் ஓர் இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையே 35 டிகிரிக்கு மேல் இருந்தது. நகரங்களில் காங்கிரீட்டும் தாரும் பகல் வெப்பத்தைச் சேமித்து வைக்கின்றன; நெருங்கி நிற்கும் மாடிகள், தெருவுக்குத் தெரியும் வானத்தைக் குறுக்கிவிடுகின்றன. மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலிட்டு உறங்கிய முந்தைய தலைமுறையினர், தம் உடலின் வெப்பத்தையும் வானத்துக்கு விட்டுக் குளிர்ந்தார்கள். அடைத்த அறையில், வெந்த கூரையின் கீழே உறங்குவோர்க்கு அவ்வழி இல்லை. பகல் முழுதும் வெயிலில் உழைத்தவனும், முதியோரும், கைக்குழந்தையும் இழந்த வலிமையை மீட்பது இரவில்தான். இரவு குளிராவிட்டால் மறுநாள் வெயிலை அவர்கள் தளர்ந்த உடம்போடு எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே வெப்பத்தைப் பற்றி எண்ணும்போது பகலின் வெயிலோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவின் செலவையும் எண்ணிப் பார்ப்போமாக. கூரைக்கு வெள்ளை பூசினால் பகலின் வரவு குறையும். தெருவில் மரம் நட்டால் நிழலாலும் இலைகளின் ஈரத்தாலும் பகற்சூடு தணியும். புகையைக் குறைத்தால் காற்று தூய்மை பெறும். இவை ஊருக்கும் வீட்டுக்கும் இயன்றவை. சாளரம் மேலும் அடைபடாமல் காப்பதோ உலகத்தார் அனைவரும் கூடிச் செய்ய வேண்டிய செயல். நிலத்தின் வெப்பம் விண்ணுக்குச் செல்லும் வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் நம் உழைப்பும் உறக்கமும் விளைச்சலும் அவ்வழி திறந்திருப்பதையே நம்பியிருக்கின்றன.